வெட்டும் முன் ஒரு நிமிடம்

குழம்பில் உப்பு கூடிவிட்டதா? கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சரிசெய்யலாம். கோலத்தில் புள்ளி தவறிவிட்டதா? அழித்துவிட்டு மறுபடி போடலாம். ஆனால் துணியைத் தவறாக வெட்டிவிட்டால் என்ன செய்வது? வெட்டிய துணி ஒட்டாது.

தையல் நல்ல தொழில். வீட்டில் இருந்தபடியே செய்யலாம். ஒரு மிஷின், ஒரு கத்தரி, ஒரு டேப்பு இருந்தால் தொடங்கிவிடலாம். ஒவ்வொரு தெருவிலும் இரண்டு மூன்று பேர் தைக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவரிடம் மட்டும் துணி குவிகிறது. ஏன்?

"அவங்களுக்குக் கைராசி" என்று சொல்கிறோம்.

கைராசி என்றால் என்ன? அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். அளவை எழுதி வைக்கிறார். துணியை விரித்து வெளிச்சத்தில் பார்க்கிறார். வெட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று யோசிக்கிறார். தைத்ததைத் திருப்பிப் பார்க்கிறார். இந்தப் பழக்கங்கள்தான் கைராசி. இவற்றை யாரும் பழகிக்கொள்ளலாம்.

இந்தப் பாடத்தில் அந்தப் பழக்கங்களைப் பற்றிப் படிப்போம். ரவிக்கை தைப்பதை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். சட்டை, பாவாடை, சுடிதார், பள்ளிச் சீருடை எல்லாவற்றுக்கும் இவை பொருந்தும்.

மல்லிகாவுக்கு வந்த நஷ்டம்

மல்லிகா இந்தப் பாடத்துக்காக நாம் கற்பனை செய்துகொண்ட பெண். ஆனால் அவளைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மல்லிகா பெங்களூரில் இருக்கிறாள். கணவர் கட்டட வேலைக்குப் போகிறார். மழை பெய்தால் அவருக்கு வேலை இல்லை. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். மல்லிகா மூன்று மாதம் தையல் கற்றாள். மகளிர் குழுவில் கடன் எடுத்து மிஷின் வாங்கினாள். வாரா வாரம் தவணை கட்ட வேண்டும்.

ஒரு நாள் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் வந்தார். அவருடைய மகளுக்குக் கல்யாணம். மகளுக்காகப் பட்டு ரவிக்கைத் துணி கொண்டுவந்தார். அதன் விலை 600 ரூபாய். தையல் கூலி 250 ரூபாய் என்று பேசினார்கள். மல்லிகா அந்தப் பெண்ணுக்கு அளவு எடுத்தாள். மார்பளவு 34 அங்குலம்.

அன்று மல்லிகாவுக்கு அவசரம். குழாயில் தண்ணீர் வரும் நேரம். பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். அதற்குள் வெட்டிவிடலாம் என்று நினைத்தாள். மடமடவென்று வெட்டினாள். இரவில் உட்கார்ந்து தைத்தாள். மறுநாள் அந்தப் பெண் போட்டுப் பார்த்தாள். கொக்கி எட்டவில்லை.

"என்னம்மா இது? முகூர்த்தத்துக்கு நாலு நாள்தானே இருக்கு! இதே கலர் இனிமே எங்கே கிடைக்கும்?" என்றார் அந்த அம்மா.

மல்லிகா துணிக்கு 600 ரூபாய் கொடுத்தாள். கூலி 250 ரூபாயும் வரவில்லை. அந்த வாரத் தவணைக்கு வேறு இடத்தில் கைமாற்று வாங்கினாள். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. கல்யாண வீட்டில் இன்னும் ஐந்து ரவிக்கை தைக்க இருந்தார்கள். அந்த ஐந்தும் வேறு கடைக்குப் போயின.

பிழை எங்கே?

மல்லிகாவின் பக்கத்து வீட்டில் பாத்திமா அக்கா இருக்கிறார். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம் தைத்தவர். அவர் அந்த ரவிக்கையை வாங்கி விரித்தார். டேப்பை வைத்து அளந்தார்.

"மல்லிகா, அளவு எங்கே எழுதி வச்சிருக்கே?"

"எழுதலை அக்கா. மனசிலேயே வச்சிருந்தேன்."

"கணக்கு?"

"அதுவும் மனசிலேதான்."

"எழுதப் படிக்கக் கத்துக்கிட்டியே. எதுக்குக் கத்துக்கிட்டே? கையெழுத்துப் போட மட்டுமா?"

மல்லிகா பதில் பேசவில்லை. அக்காவே மறுபடி சொன்னார்: "உன் தையல் நேரா இருக்கு. கை நல்ல கை. கணக்குதான் தவறிப்போச்சு. ஒரு பேப்பர் கொண்டு வா."

அக்கா இப்படி எழுதிக் காட்டினார்:

மார்பளவு: 34 அங்குலம்
தளர்வு: 2 அங்குலம்
மொத்தம்: 36 அங்குலம்
அதில் நான்கில் ஒரு பங்கு: 9 அங்குலம்
பக்கத் தையலுக்கு விட வேண்டியது: 1 அங்குலம்
வெட்ட வேண்டிய அகலம்: 10 அங்குலம்

மல்லிகா 9 அங்குலத்தில் வெட்டிவிட்டாள். தையலுக்கு விட வேண்டிய ஒரு அங்குலத்தை மறந்துவிட்டாள். "ஒரு அங்குலம்தானே" என்று தோன்றும். ஆனால் முன்னால் இரண்டு பாகம், பின்னால் இரண்டு பாகம். ஆக நான்கு பாகம். ஒவ்வொன்றிலும் ஒரு அங்குலம் தையலுக்குள் போய்விட்டது. மொத்தம் நான்கு அங்குலம் குறைந்தது. ரவிக்கை 36 அங்குலத்துக்குப் பதிலாக 32 அங்குலம் ஆகிவிட்டது. உடம்போ 34 அங்குலம். கொக்கி எப்படி எட்டும்?

தளர்வு எவ்வளவு வைப்பது என்பது தைப்பவருக்குத் தைப்பவர் மாறும். கொக்கிப் பட்டிக்கும் தனியாகத் துணி விட வேண்டும். ஆனால் கணக்கைத் தாளில் எழுத வேண்டும் என்பது எல்லோருக்கும் பொது. எழுதியிருந்தால் "தையலுக்கு" என்ற வரி கண்ணில் பட்டிருக்கும்.

பதறிய காரியம் சிதறும் என்பார்கள். தையலில் அது துணியோடு போகாது. பணமும் போகும், பெயரும் போகும்.

அன்றே மல்லிகா ஒரு நோட்டு வாங்கினாள். பாத்திமா அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். அந்த ஆறு பழக்கங்களையும் நாமும் படிப்போம்.

பழக்கம் 1: அளவை எழுதி வையுங்கள்

முதலில் உங்கள் டேப்பைப் பாருங்கள். பழைய டேப்பு இழுபட்டு நீண்டிருக்கும். முனை தேய்ந்திருக்கும். அதை ஒரு நல்ல ஸ்கேலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடுகள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் புது டேப்பு வாங்குங்கள். செலவு சிறியது. அது காப்பாற்றும் துணி பெரியது.

டேப்பின் ஒரு பக்கம் அங்குலம் இருக்கும். மறுபக்கம் சென்டிமீட்டர் இருக்கும். ஒரு அங்குலம் என்பது சுமார் இரண்டரைச் சென்டிமீட்டர். இரண்டையும் கலக்காதீர்கள். அங்குலத்தில் எடுத்தால் எல்லாவற்றையும் அங்குலத்திலேயே எடுங்கள். கால், அரை, முக்கால் என்பதை ¼, ½, ¾ என்று எழுதப் பழகுங்கள். பதினான்கரை என்பதை 14½ என்று எழுதுங்கள். "பதினாலு சொச்சம்" என்று அளவு கிடையாது.

உடம்பில் அளவு எடுக்கும்போது டேப்பை இறுக்காதீர்கள். தொங்கவும் விடாதீர்கள். அளவு கொடுப்பவர் நேராக நிற்க வேண்டும். மூச்சை இழுத்துப் பிடிக்கக் கூடாது. அளவை வாய்விட்டுச் சொல்லி எழுதுங்கள். மார்பு, இடுப்பு இரண்டையும் இரண்டாம் முறை எடுத்துப் பாருங்கள். இரண்டு முறையும் ஒரே எண் வர வேண்டும்.

சிலர் அளவு ரவிக்கை கொடுப்பார்கள். அப்போது மூன்று கேள்வி கேளுங்கள். "இது உங்களுக்கு இப்போது சரியாக இருக்கிறதா? எங்கே பிடிக்கிறது? எங்கே தொளதொள என்று இருக்கிறது?" சொல்வதை எழுதுங்கள். அளவு ரவிக்கை தைத்து மூன்று வருடம் ஆகியிருக்கலாம். உடம்பு மாறியிருக்கும்.

நோட்டில் ஒருவருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இதோ ஒரு மாதிரிப் பக்கம்:

பெயர்:
தேதி:
முழு உயரம்: 14½
தோள்: 14
மார்பு: 34
இடுப்பு: 29
கை நீளம்: 6
கைச் சுற்று: 11
கைக்குழிச் சுற்று: 16
முன் கழுத்து ஆழம்: 6½
பின் கழுத்து ஆழம்: 7½
சொன்னது: கைக்குழி பிடிக்கக் கூடாது. லைனிங் வேண்டும்.
கொடுக்க வேண்டிய நாள்:

அந்தத் துணியிலேயே ஒரு சிறு துண்டை வெட்டிப் பக்கத்தின் ஓரத்தில் குத்தி வையுங்கள். யாருடைய துணி எது என்ற குழப்பம் வராது.

பழக்கம் 2: துணியைத் தெரிந்துகொள்ளுங்கள்

துணியை வாங்கும்போதே கொடுத்தவர் முன்னால் அளந்து பாருங்கள். ஓட்டை, கறை, சாயம் போன இடம் இருந்தால் அப்போதே காட்டுங்கள். பிறகு காட்டினால் பழி உங்கள் மேல் வரும்.

பருத்தித் துணி தண்ணீரில் நனைந்தால் சுருங்கும். சுருங்காத துணியில் தைத்துக் கொடுத்தால் முதல் சலவையிலேயே உடை சிறுத்துப்போகும். ஆகவே பருத்தித் துணியையும் பருத்தி லைனிங்கையும் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். தேய்த்த பிறகு வெட்டுங்கள். சாயம் போகும் துணியைத் தனியாக நனையுங்கள். பட்டுத் துணியை நனைக்காதீர்கள். ஆனால் அதற்கு வைக்கும் லைனிங்கை நனைக்க மறக்காதீர்கள்.

துணியைக் கையில் பிடித்து இழுத்துப் பாருங்கள். கரையை ஒட்டி நீளவாக்கில் இழுங்கள். அதிகம் இழுபடாது. அகலவாக்கில் இழுங்கள். கொஞ்சம் கூடுதலாக இழுபடும். மூலைக்கு மூலை குறுக்காக இழுங்கள். நன்றாக இழுபடும். இதைத் தெரிந்துகொண்டால் பல விஷயம் புரியும். உடலின் உயரம் பொதுவாகத் துணியின் நீளவாக்கில் வர வேண்டும். கழுத்துக்கு வைக்கும் பட்டியைக் குறுக்காக வெட்ட வேண்டும். அப்போதுதான் அது கழுத்து வளைவில் சுருக்கம் இல்லாமல் படியும்.

பூப்போட்ட துணி என்றால் பூ எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். மாங்காய், மயில் போன்ற உருவங்களுக்குத் தலை உண்டு. முன் பாகத்தில் மயில் நிமிர்ந்தும் பின் பாகத்தில் தலைகீழாகவும் நின்றால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

பழக்கம் 3: எல்லாப் பாகத்தையும் வரைந்த பிறகு வெட்டுங்கள்

புது மாதிரி தைக்கும்போது முதலில் பழைய செய்தித்தாளில் வரைந்து வெட்டுங்கள். காகிதம் கெட்டால் கவலை இல்லை.

பிறகு காகிதத்தைத் துணிமேல் வைத்துச் சாக்பீஸால் வரையுங்கள். முன் பாகம், பின் பாகம், கை, கொக்கிப் பட்டி, இடுப்புப் பட்டி, கழுத்துப் பட்டி எல்லாம் துணியில் அடங்குகின்றனவா என்று பாருங்கள். சிலர் முன் பாகத்தையும் பின் பாகத்தையும் வெட்டிவிடுகிறார்கள். பிறகுதான் கைக்குத் துணி போதவில்லை என்று தெரிகிறது.

கைகளை வெட்டும்போது இன்னொரு கவனம் வேண்டும். ஒன்று வலக்கை, இன்னொன்று இடக்கை. துணியை மடித்து இரண்டையும் சேர்த்து வெட்டினால் சோடியாக வரும். தனித்தனியாக வெட்டினால் இரண்டும் ஒரே பக்கத்துக் கையாக வந்துவிடக்கூடும்.

வளரும் பிள்ளைகளின் உடைக்கு உள்ளே கூடுதல் துணி விட்டுத் தையுங்கள். அடுத்த வருடம் பிரித்துவிடலாம். அந்தத் தாய் உங்களை மறக்கமாட்டாள்.

இப்போது கத்தரியை எடுத்துவிட்டீர்களா? கீழே வையுங்கள். ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்:

1. இது யாருடைய அளவு? நோட்டில் சரியான பக்கத்தைத்தான் பார்க்கிறேனா?
2. துணியின் நல்ல பக்கம் எது?
3. தையலுக்கு விட்டிருக்கிறேனா? மடிப்புக்கு விட்டிருக்கிறேனா?
4. எல்லாப் பாகமும் அடங்குகின்றனவா?
5. பூவும் கரையும் சரியாக நிற்கின்றனவா?

ஐந்துக்கும் "ஆம்" என்று பதில் வந்தால் வெட்டுங்கள். ஒன்றுக்கு வராவிட்டாலும் வெட்டாதீர்கள். தண்ணீர் பிடித்துவிட்டு வந்து வெட்டலாம். பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு வந்து வெட்டலாம். துணி எங்கும் ஓடிப்போகாது.

துணி வெட்டும் கத்தரியால் காகிதம் வெட்டாதீர்கள். முனை மழுங்கும். காகிதத்துக்கு வேறு கத்தரி வைத்துக்கொள்ளுங்கள்.

பழக்கம் 4: துண்டுத் துணியில் தைத்துப் பாருங்கள்

துணிக்கு ஏற்ற ஊசி வேண்டும். மெல்லிய துணிக்கு 11-ஆம் நம்பர் ஊசி. சாதாரணப் பருத்தித் துணிக்கு 14. கனமான துணிக்கு 16. ஜீன்ஸ் போன்ற மிகக் கனமான துணிக்கு 18. மெல்லிய துணியில் பெரிய ஊசி ஓடினால் ஓட்டை விழும். கனமான துணியில் சிறிய ஊசி ஓடினால் முறியும்.

முனை மழுங்கிய ஊசியை உடனே மாற்றுங்கள். தைக்கும்போது "டப் டப்" என்று சத்தம் வந்தால் ஊசியைப் பாருங்கள். பழைய ஊசியின் தட்டைப் பக்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். புது ஊசியையும் அதே பக்கமாக மாட்டுங்கள்.

வெட்டிய துணியில் மிஞ்சிய துண்டை இரண்டாக மடித்துத் தைத்துப் பாருங்கள். மேலும் கீழும் தையல் ஒன்றுபோல இருக்க வேண்டும். கீழே நூல் வளையம் வளையமாக நிற்கிறதா? மேல் நூலைக் கழற்றி மறுபடி சரியாகக் கோத்துப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் மேல் டென்ஷனைக் கொஞ்சம் இறுக்குங்கள். மேலே நூல் கோடு போட்டதுபோல் விறைப்பாகக் கிடக்கிறதா? மேல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

டேப்பை வைத்து ஒரு அங்குலத்தில் எத்தனை தையல் விழுகிறது என்று எண்ணுங்கள். சாதாரணப் பருத்தி உடைக்குப் பத்து முதல் பன்னிரண்டு இருந்தால் நல்லது. குறைந்தால் தையல் வாய் பிளக்கும். மிக அதிகமானால் பிரித்துத் தைப்பது சிரமம்.

தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் முன்னும் பின்னும் தைத்து நிறுத்துங்கள். துணியைப் பின்னால் இருந்து இழுக்காதீர்கள். மிஷினில் உள்ள பல் துணியைத் தானாக நகர்த்தும். நம் கை வழி காட்டினால் போதும்.

"ஊசி உடைஞ்சா கம்பெனியில என்ன செய்வாங்க தெரியுமா?" என்று பாத்திமா அக்கா ஒரு நாள் கேட்டார்.

"வேற ஊசி கொடுப்பாங்க."

"சும்மா கொடுக்கமாட்டாங்க. உடைஞ்ச துண்டு எல்லாத்தையும் தேடி எடுக்கணும். சேர்த்து வச்சு முழு ஊசி ஆகுதான்னு பார்ப்பாங்க. ரிஜிஸ்டர்ல ஒட்டி, தேதி போடுவாங்க. அதுக்கு அப்புறம்தான் புது ஊசி."

"ஒரு ஊசிக்கு இவ்வளவா அக்கா?"

"ஊசிக்காக இல்லை மல்லிகா. அந்தத் துண்டு குழந்தை போடுற சட்டைக்குள்ள இருந்தா?"

ஏற்றுமதிக்குத் தைக்கும் ஆலைகளில் இந்த வழக்கம் உண்டு. வீட்டிலும் இதைச் செய்யலாம். உடைந்த ஊசியை ஒரு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். குண்டூசிகளை எண்ணி எடுங்கள். எண்ணி வையுங்கள். வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

பழக்கம் 5: ஒவ்வொரு படியிலும் திருப்பிப் பாருங்கள்

எல்லாம் தைத்த பிறகு பிழை தேடினால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். ஒரு தையல் முடிந்ததும் பார்த்தால் அந்த ஒன்றை மட்டும் பிரித்தால் போதும்.

தோளை இணைத்ததும் இரண்டு தோளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரே அகலம் இருக்க வேண்டும். டக் பிடித்ததும் இரண்டு டக்கும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள். கையைப் பொருத்துவதற்கு முன் கைக்குழிச் சுற்றையும் கையின் மேல் வளைவையும் அளந்து பாருங்கள். பக்கத் தையலை முதலில் பெரிய தையலாக ஓட்டிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சரியாக இருந்தால் இறுக்கமாகத் தையுங்கள்.

ஒரு தையல் முடிந்ததும் அதைத் தேய்த்துப் படிய வையுங்கள். பிறகு அடுத்த தையலுக்குப் போங்கள். கடையில் தைத்தது போன்ற நேர்த்தி பாதிக்குமேல் இஸ்திரிப் பெட்டியில் இருந்து வருகிறது. பட்டுக்கும் சிந்தெடிக் துணிக்கும் சூட்டைக் குறையுங்கள். முதலில் ஓரத் துண்டில் தேய்த்துப் பாருங்கள்.

பிரித்துத் தைப்பது வெட்கம் அல்ல. கோணல் தையலைக் கொடுத்து அனுப்புவதுதான் வெட்கம்.

கொடுக்கும் முன் கடைசியாக ஒரு முறை பாருங்கள். தொங்கும் நூலை வெட்டுங்கள். சாக்பீஸ் கோட்டைத் துடையுங்கள். கொக்கிகளை இழுத்துப் பாருங்கள். மிஞ்சிய துணியைச் சுருட்டி உடையோடு கொடுங்கள்.

பழக்கம் 6: மிஷினையும் உடம்பையும் பேணுங்கள்

மிஷினின் பல்லுக்கு அடியிலும் பாபின் பெட்டியிலும் பஞ்சுத் தூசி சேரும். ஒரு சிறு பிரஷ்ஷால் தினமும் தட்டி எடுங்கள். தையல் மிஷின் எண்ணெய் மட்டும் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளாக ஆகக் கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் விட்டதும் கழிவுத் துணியில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். இல்லையென்றால் நல்ல துணியில் எண்ணெய்க் கறை படும். மோட்டார் வைத்த மிஷின் என்றால் ஊசி மாற்றும் முன் சுவிட்சை அணையுங்கள்.

மிஷின் கெட்டால் ஆள் வந்து சரிசெய்வார். உடம்பு கெட்டால்? நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கம் இருந்து வந்தால் நிழல் மறைக்காது. முதுகைச் சாய்க்க இடம் உள்ள நாற்காலி நல்லது. அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள். தூரத்தில் உள்ள ஒரு மரத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.

நாற்பது வயதைத் தாண்டினால் பலருக்குக் கிட்டப் பார்வை மங்கும். ஊசியில் நூல் கோக்க முடியாது. "வயசாகிவிட்டது" என்று தொழிலை விட வேண்டாம். கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி போடுங்கள்.

நாளும் கணக்கும்

தீபாவளிக்கு முன் எல்லோரும் துணி கொண்டுவருவார்கள். எல்லோரிடமும் "சரி" என்று சொல்ல ஆசையாக இருக்கும். ஆனால் உங்கள் கை ஒரு நாளைக்கு எத்தனை ரவிக்கை தைக்கும்? நோட்டில் எழுதிப் பாருங்கள். மூன்று என்றால் பத்து நாளுக்கு முப்பது. முப்பத்தொன்றாவது துணிக்கு "பண்டிகைக்குப் பிறகு தருகிறேன்" என்று சொல்லுங்கள். அவர் வருத்தப்படலாம். ஆனால் பண்டிகை காலையில் உடை இல்லாமல் நிற்கமாட்டார்.

துணி வாங்கிய நாள், கொடுக்க வேண்டிய நாள், முன்பணம், பாக்கி ஆகியவற்றை எழுதுங்கள். நூல், கொக்கி, லைனிங், மின்சாரம் எல்லாம் செலவு. செலவை எழுதினால்தான் கூலி போதுமா என்று தெரியும். எழுதாதவர் பல நேரம் தன் உழைப்பையே இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்.

மல்லிகா அடுத்த ஒரு மாதம் பழைய சேலைகளில் தனக்கும் பாத்திமா அக்காவுக்கும் தைத்துப் பழகினாள். ஒவ்வொரு முறையும் கணக்கை எழுதினாள். பிறகுதான் வெளித்துணி வாங்கினாள். இப்போது அவளுடைய நோட்டில் நாற்பது பேருடைய பக்கங்கள் இருக்கின்றன. அந்தக் கல்யாண வீட்டு அம்மா இன்னும் வரவில்லை. போன பெயர் மெதுவாகத்தான் திரும்பும். ஆனால் தவணை தவறாமல் கட்டுகிறாள்.

மேலும் கற்க

புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களுக்குத் தொழில் கற்பிக்க மக்கள் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. இவற்றை ஜன் சிக்ஷன் சன்ஸ்தான் என்பார்கள். இவற்றின் முதல் நிறுவனம் 1967-இல் மும்பையில் தொடங்கியது. அப்போது அதன் பெயர் சிரமிக் வித்யாபீடம். 2000-ஆம் ஆண்டில் இப்போதைய பெயர் வந்தது. 2018 முதல் இவை மத்திய அரசின் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ் நடக்கின்றன. 15 முதல் 45 வயதுவரை உள்ளவர்கள் சேரலாம். பல மாவட்டங்களில் தையல் வகுப்பு நடக்கிறது.

மத்திய அரசு 2023 செப்டம்பரில் விசுவகர்மா திட்டத்தைத் தொடங்கியது. அதில் 18 கைத்தொழில்கள் உள்ளன. தையலும் அவற்றில் ஒன்று. பயிற்சியும் கருவி வாங்க 15,000 ரூபாய் வரை உதவியும் அத்திட்டத்தில் உண்டு. நீங்கள் இருக்கும் மாநிலத்தில் நடக்கிறதா என்று விசாரியுங்கள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் டேப்பை ஒரு ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகின்றனவா?

2. மார்பளவு 38 அங்குலம். தளர்வு 2 அங்குலம். பக்கத் தையலுக்கு 1 அங்குலம். வெட்ட வேண்டிய அகலம் எவ்வளவு? தாளில் எழுதிக் கணக்குப் போடுங்கள். (விடை: 11 அங்குலம்)

3. உங்கள் வீட்டில் ஒருவருக்கு அளவு எடுங்கள். மாதிரிப் பக்கத்தில் உள்ளதுபோல் எழுதுங்கள். மறுநாள் அதே அளவை மறுபடி எடுங்கள். எங்கே வேறுபடுகிறது?

4. வெட்டும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதுங்கள். மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள்.

5. குழுவில் பேசுங்கள்: வாடிக்கையாளரின் துணி கெட்டுவிட்டால் என்ன செய்வது நியாயம்? மறைப்பதா, சொல்வதா? ஏன்?